சாவகாச வாரியம்

அந்த வருடம் கிறிஸ்துமஸ் அவசரமாக வரக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்கள்.

போட்டது பண்டிகைச் சாவகாச வாரியம். பண்டிகை வந்தால் ஜனங்கள் கண்மண் தெரியாமல் ஓடுகிறார்கள், ஜவுளிக்கடை வாசலில் முட்டி மோதுகிறார்கள், ஒரு வீட்டுக் கேக்கை மென்று முடிப்பதற்குள் அடுத்த வீட்டுப் படியில் நிற்கிறார்கள், தொழுவத்தில் பிறந்த குழந்தையை நின்று பார்க்க ஆளில்லை என்று அதன் தலைவர் டாக்டர் இளம்பரிதி மனம் நொந்துபோயிருந்தார். பனி பெய்யும் தேசம் ஒன்றுக்கு ஆய்வுப் பயணம் போனவர் அவர். அங்கே ஒரு குடும்பம் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து, பேசாமல் எதையோ குடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நம் ஜனங்களையும் அப்படி உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று விமானத்திலேயே முடிவெடுத்தாராம்.

சரக்கு என்னவோ நல்ல சரக்குதான். ஆற அமரப் பண்டிகை கொண்டாட யாருக்குக் கசக்கும்? ஆனால் நல்ல சரக்கை வாங்கச் சொல்லிக் கழுத்தில் கத்தி வைக்கிற கடையை அதுவரை திருத்துறைப்பூண்டி கண்டதில்லை.

வாரியத்துக்குக் கடைத்தெருவில் ஒடுக்கமான ஒரு கட்டடம் பிடித்தார்கள். பெயர்ப் பலகையும் ஒடுக்கம். எழுத வந்தவர் இடம் போதாமல் ‘பண்டிகைச்’ என்று ஒரு வரி, ‘சாவ’ என்று ஒரு வரி, ‘காச’ என்று ஒரு வரி, ‘வாரியம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு இறங்கினார். இரண்டாம் வரியைப் படித்த ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போது கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். அதற்கும் அபராதம் விதித்தார்கள்.

கார்த்திகை முடிவதற்குள் பச்சைத் துண்டு போட்ட நிதானத் தொண்டர்கள் தெருவில் இறங்கினார்கள். பேருந்தை நிறுத்தும் ஒற்றை விசிலுக்கு ஆட்சேபம் இல்லை. கிளப்பும் இரட்டை விசில் மனிதரை விரட்டுகிறது என்று தடை செய்தார்கள். நின்ற பேருந்துகள் நின்றன. வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் கோஷ்டி தெருமுனையில் தொடங்கி, மூன்றாம் வீட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே சாப்பிட்டுத் தூங்கியது. மினுக்கும் சீரியல் விளக்குகள் கண்ணை அவசரப்படுத்துகின்றன என்று நெய்னா முகம்மதுவின் ஃபேன்சி ஸ்டோரில் இருந்த பெட்டிகளுக்கெல்லாம் சீல் வைத்தார்கள். ஒரு வைக்கோல்போரில் தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி மணி அடிக்காமல், மாட்டுவண்டிக்குப் பின்னால், அதை முந்தாமல் வந்து சேர்ந்தது. அதற்குள் போர் சாம்பல். வாரியத்தின் பதிவில் அது ‘பொதுமக்கள் கூடி அமர்ந்த முதல் கணப்பு’.

பக்கத்துக் கிராமமான ஆலங்குழியில் அம்சத்துக்கு இதெல்லாம் காதில் விழுந்ததுதான். ஞானஸ்நானத்தில் அமலோற்பவ மேரி, ஊர் வாய்க்கு அம்சம். அவள் மாமனாரும் அவருடைய அப்பாவும் அடுத்தவர் வயலில் குனிந்தே காலம் முடிந்தவர்கள். புருஷன் இராஜாங்கம் சிங்கப்பூரில் கட்டடச் சாரம் ஏறிச் சம்பாதித்து, கோணவாய்க்கால் ஓரம் ஆறு மா நிலம் வாங்கியிருந்தான். அந்த வம்சத்தில் சொந்தச் சேற்றில் நட்ட முதல் சம்பா அது. நடவன்று இராஜாங்கம் போனில் பார்த்துக்கொண்டே இருந்தான். அறுவடைக்கு வந்துவிடுவேன் என்று மட்டும் சொன்னான். பயிர் பொதி கட்டி, கதிர் எட்டிப் பார்க்கிற சமயம். புயல் எங்கோ கரையைக் கடந்து, மழையை மட்டும் இங்கே இறக்கிவிட்டுப் போனது.

அம்சம் முழங்கால் தண்ணீரில் அளைந்துகொண்டு மதகடிக்குப் போனாள். மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ரெத்தினம் குடை பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

“அண்ணே, பலகையத் தூக்குங்க. பயிரு கழுத்துவரைக்கும் முங்கிடுச்சு. வடிய விட்டாத்தான் பொழைக்கும்.”

“தூக்க மாட்டேன்னா சொல்றேன்? திருகுற சாவி எங்கிட்ட இல்லையே அம்சம். வாரியத்துல வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

“மதகு சாவிய வச்சி அவங்க என்னண்ணே பண்ணப்போறாங்க?”

“தண்ணி அசையாம நின்னா அழகா இருக்காம். நட்சத்திரம் கட்டுனா அதுல ரெட்டையாத் தெரியுமாம். ‘அமைதி நீர்ப்பரப்பு’ன்னு பேரு வச்சாச்சு. நேத்து போட்டோகூட எடுத்தாங்க. ஒம் வயலுதான் முன்னால தெரியுது.”

“அது வயலுண்ணே.”

“போட்டோவுல பயிரு தெரியல அம்சம்” என்றார் ரெத்தினம். வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அம்சம் நகரத்துக்கு ஓடினாள். ஓடியதுதான் தப்பாகப் போயிற்று. வாரியத்து வாசலில் ஒரு தொண்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். ‘ஆறும் கூடம்’ என்ற அறையில் உட்கார வைத்தார். நாடி இறங்கினால்தான் உள்ளே விடுவார்களாம். அந்த அறையின் கடிகாரத்தில் பெரிய முள்ளைப் பிடுங்கியிருந்தார்கள். உட்கார உட்கார, வயலில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறியிருக்கும் என்ற நினைப்பு வந்தது. நினைப்பு வர வர நாடி துள்ளியது. தொண்டர் வந்து பிடித்துப் பார்த்துவிட்டு, “வந்ததுக்கு இப்ப மோசங்கம்மா” என்றார்.

கடைசியில் செயலர் இசைவாணியே வெளியே வந்தார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, ஒரு தம்ளர் மோர் குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு முடிப்பது அவர் வழக்கம்.

“நீங்க...” என்றார். மோர் குடித்தார். “நிதானத்துல இல்ல.”

அம்சத்துக்குச் சுருக்கென்றது. “என்னங்கம்மா இப்படிச் சொல்லிட்டீங்க? எங்க வூட்டு ஆம்பளையே தொட மாட்டாரு. கோயிலுக்குப் போறவ நான். ஊதிக் காட்டவா?”

“அந்த நிதானம்... இல்லம்மா. அதைவிட... மோசம். குடிச்சவங்களாவது ஒரு எடத்துல விழுந்து... கெடப்பாங்க.”

சத்தம் கேட்டுத் தலைவரே வந்துவிட்டார். நடந்து வந்தார் என்று சொல்வது மிகை. அறைக்கும் வாசலுக்கும் நடுவே அவர் மெல்ல மெல்ல நேர்ந்தார். அம்சத்தின் கதையைக் கண்மூடிக் கேட்டார்.

“அம்மா, அவசரத்தில் கேட்கப்படும் எதையும் வாரியம் செவிமடுக்காது. அது கொள்கை” என்றார்.

“சரிங்கய்யா. நான் அவசரப்படல. மெதுவாவே கேக்குறேன். மதகத் தொறங்க.”

“பார்த்தீர்களா, தெளிந்துவிட்டீர்கள்! சாவகாசமாகிவிட்ட ஒருவருக்கு மதகு இன்று திறந்தால் என்ன, தை பிறந்து திறந்தால் என்ன? அதுவும் கொள்கை. இந்த வாரியம் தொடங்கியதிலிருந்து ஒரு வேலையைக்கூட முடித்ததில்லை. மற்ற துறைகளும் முடிப்பதில்லை, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு அது குறை. எங்களுக்கு அது இலட்சியம்.”

தொண்டர்கள் கை தட்டினார்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே தெருவோரத் தவளைச் சத்தம் கேட்டது.

வெளியே வந்த அம்சத்துக்குக் கால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை. எதிர்த்த ஃபேன்சி ஸ்டோர் வாசலில் நெய்னா முகம்மது ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வருடா வருடம் அவள் நட்சத்திரம் வாங்குகிற கடை. நாகூரிலிருந்து வந்து இங்கே நிலைத்தவர். கந்தூரிக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே சிரிப்பு வைத்திருப்பார்.

“உக்காருங்க தங்கச்சி. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க யாவாரமே தெரியாத ஆளு.”

“நான் என்ன பாய் யாவாரம் பண்ண வந்தேன்? எஞ் சோத்தக் கேக்க வந்தேன்.”

“அதத்தான் சொல்றேன். கடைக்குள்ள நொழஞ்சதும் இந்தச் சேலதான் வேணும்னு கட்டிப்புடிச்சிக்கிட்டா எவன் வெல கொறைப்பான்? வேணும்கிறது மொகத்துல தெரியவே கூடாது. அவங்க விக்கிற சரக்கையே நாம திருப்பி விக்கணும். மதகத் தொறங்கன்னு கேக்காதீங்க. மதகத் தொறக்கிறத ஒரு விழாவா வைங்கன்னு கேளுங்க. லோகத்துலயே ரொம்ப மெதுவாத் தொறந்த மதகுன்னு பேரு வரும்னு சொல்லுங்க. வாயத் தொறந்துகிட்டு வருவாங்க பாருங்க.”

“மெதுவாத் தொறந்தா பயிரு தாங்குமா பாய்?”

“மூடியே கெடக்கிறதுக்கு ஒரு விரக்கடை தொறந்தாக்கூட லாபந்தானே? மொதல்ல தண்ணி வெளிய போகட்டும். மிச்சத்த அப்பறம் பேரம் பேசலாம். விழான்னா வெளக்கு வேணும், எஞ் சீலும் ஒடையும்ல?”

மறுநாள் அம்சம் தலை வாரி, பூ வைத்து, கோயில் சேலை கட்டிக்கொண்டு, பெருவிரலால் தரையைத் தடவித் தடவி வாரியத்துக்குப் போனாள். அந்தத் தண்ணியப் பாத்தா கண்ணு குளுந்து போவுதுங்கய்யா என்றாள். பாய் சொன்னது பலித்தது. ‘சாவகாச மதகுத் திறப்பு’ என்று கேட்டதும் தலைவரின் கண்ணில் நீர் கோத்தது. அவ்வளவு மகிழ்ச்சியிலும் அவர் ஒரு வாரம் தள்ளித்தான் விழாவை வைத்தார். சீக்கிரம் வைத்தால் நோக்கம் கெட்டுவிடுமாம்.

அந்த வாரம் முழுக்க அம்சம் வரப்பில் நின்று தண்ணீருக்கு மேலே தெரிந்த இலை நுனிகளைப் பார்த்தாள். காலையில் தெரிந்தது மாலையில் தெரியாது. இராஜாங்கம் போன் செய்தபோது, மழை விட்டுடுச்சு என்று மட்டும் சொன்னாள். அது பொய்யில்லை.

விழாவன்று மதகடியில் பந்தல், தோரணம், அசையாத விளக்குகள். பாடகர் குழுப் பிள்ளைகள் ஒரே அல்லேலூயாவை மூச்சு முட்ட நீட்டிக்கொண்டு நின்றார்கள். தலைவர் சாவியைப் போட்டார். சாவியில் ஒரு கால் சுற்று; ஒரு சொற்பொழிவு. மறுபடி கால் சுற்று, மறுபடி சொற்பொழிவு.

“வேகம் நம் எதிரி. நான் மாணவனாக இருந்தபோது என்னோடு படித்தவர்கள் எல்லாம் வேகமாக எழுதித் தேர்ச்சி பெற்றார்கள். நான் நிதானமாக எழுதினேன். இன்று அவர்கள் எங்கே? எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்!”

அந்த நேரத்தில் பலகை அடியில் களுக்கென்று ஒரு சத்தம். அப்புறம் புஸ்ஸென்று ஒரு சீறல். மதகுக்கு அந்தப்புறம் வெள்ளையாகத் தண்ணீர் பீறிட்டது. அம்சத்துக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துவிட்டது. பாய் சொல்லிக்கொடுத்த பேரம், பூ, கோயில் சேலை எல்லாம் மறந்துவிட்டது. இரண்டு கையையும் தூக்கினாள்.

“ஓடுது! அண்ணே, தண்ணி ஓடுது! ஓடுது!”

அல்லேலூயா பாதியில் நின்றது. செயலர் இசைவாணி முதல் முறையாக மோர் குடிக்காமல் ஒரு வாக்கியத்தை முடித்தார்.

“என்ன செய்யுது?”

தலைவர் மதகை எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. “ஓடுகிறது” என்றார். “என் கண் முன்னால். என் கையாலேயே.”

“அய்யா, தண்ணின்னா ஓடத்தாங்கய்யா செய்யும்” என்றார் ரெத்தினம்.

“நடக்கச் சொல்லுங்கள்.”

“சொன்னா கேக்காதுங்கய்யா.”

“கேட்காததை அவிழ்த்து விடுவதற்கா இந்த வாரியம்? மூடுங்கள்!”

வாரியத்தின் வரலாற்றிலேயே வேகமாக நடந்த காரியம் அதுதான். நான்கு தொண்டர்கள் பாய்ந்து சாவியைத் திருகினார்கள். சீறல் அடங்கியது. ஏறிய தண்ணீர் ஏறிய இடத்திலேயே நின்று, விளக்குகளை மறுபடி இரட்டையாகக் காட்டியது. அம்சத்தின் கைகள் மேலேயே நின்றன. யாரோ ஒருத்தி வந்து அவற்றைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

நெய்னா முகம்மது தலையில் அடித்துக்கொண்டார். “வடியுதுன்னு சொல்லக் கூடாதா தங்கச்சி? நல்லா வந்த யாவாரம்!”

“தண்ணி ஓடுதுன்னுதானே பாய் சொல்லுவாங்க...” என்றாள் அம்சம்.

அப்புறம் மழையும் வரவில்லை, தண்ணீரும் போகவில்லை. வெயில் மட்டும் வந்தது. தண்ணீர் சூடேறிப் பழுப்பானது. மூன்று தெரு தாண்டி நாற்றம் வந்தது. அம்சம் இறங்கி ஒரு கைப்பிடி இழுத்துப் பார்த்தாள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, வேரோடு கையோடு வந்தது. பொதியைப் பிரித்தாள். உள்ளே கதிர் கஞ்சிபோல் கூழாகியிருந்தது. விரலை வழித்துவிட்டு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். போன் அடித்தது; எடுக்கவில்லை. குடில் கட்டவில்லை. யார் என்ன கேட்டாலும், கேட்டவர் போன பிறகு பதில் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து, பிற்பகலில் வாரியம் ஆலங்குழிக்கே வந்தது. ஆண்டின் மிகச் சிறந்த சாவகாசக் குடிமகளுக்குப் பரிசாம். வாய்க்கால் கரையின் மேலேயே மேடை போட்டிருந்தார்கள். கரைக்கு அந்தப்பக்கம் பள்ளத்தில், வாரியத்தின் கார்கள் வரிசையாக நின்றன. ஒருபுறம் விளிம்பு தட்டித் ததும்பும் தண்ணீர், மறுபுறம் பள்ளம், நடுவே சால்வைகளும் நாற்காலிகளும்.

தொண்டர் அம்சத்தின் நாடியைப் பிடித்தார். மறுபடி பிடித்தார். “அய்யா, இந்தக் கணக்கு எனக்கே வந்ததில்லீங்க” என்றார்.

தலைவர் நெகிழ்ந்துபோனார். “பாருங்கள்! இதே பெண்மணி எங்கள் வாசலில் துடித்துக்கொண்டு நின்றார். இன்று? பரபரப்பு இல்லை. ஆசை இல்லை. எதையும் கேட்பதில்லை. இந்த நிலைக்கு ஊரையே கொண்டுவருவோம்! அம்மா, இப்போது நீங்கள் வாய் திறக்கலாம். எப்படி வந்தது இந்த அமைதி?”

“எல்லாம் அழுவிடுச்சுங்கய்யா” என்றாள் அம்சம்.

“அழுகிவிட்டது! ஆசைகள் அழுகிவிட்டன என்கிறார். எவ்வளவு பெரிய வாக்கு!” பலத்த, இடைவெளி விட்ட கைத்தட்டல். “மதகைத் திறக்கும் உத்தரவையும் இன்று நான் தருகிறேன். இனி உங்களுக்கு அது தேவையில்லை என்பதால் தருவதில் எந்தத் தடையும் இல்லை.”

சால்வை போடக் குனிந்தபோதுதான் அம்சம் அதைப் பார்த்தாள். மேடைக் காலுக்குக் கீழே, கரையின் பள்ளத்துப் பக்கம், ஒரு நண்டு வளையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் இல்லை. மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிற செந்தண்ணீர். பார்க்கப் பார்க்க வளை பானை வாய் அளவு ஆனது. ஒரு கட்டி மண் பொத்தென்று விழுந்தது. ஆலங்குழியில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் கரை உடையப்போகிறது என்று தெரியும். மேடையில் ஆலங்குழிக் குழந்தைகள் யாரும் இல்லை. பாடகர் குழுப் பிள்ளைகள் கரையோரம், மேட்டுக்குப் போகும் பாதையில் நின்றார்கள்.

“அய்யா, கரை...” என்றாள் சட்டென்று.

செயலர் இசைவாணி விரலைத் தூக்கினார். “அம்மா... இது மேடை. முதல்ல... முகமன். ஒவ்வொருத்தரையும்... பேர் சொல்லி, பட்டம் சொல்லி. அப்பறமாத்தான்... விஷயம்.”

“இல்லைங்கம்மா, அடியில மண்ணு...”

“மறுபடியும்... அவசரமா?” என்றார் செயலர். தொண்டர் மணிக்கட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

அம்சம் நிறுத்திக்கொண்டாள். அவள் கண் கூட்டத்தில் ரெத்தினத்தைத் தேடிப் பிடித்தது. ஒரு பார்வை மேடைக் காலுக்கு. ஒரு பார்வை பிள்ளைகளுக்கு. ரெத்தினம் குடையை மடக்கினார். பிள்ளைகளைக் கோழிக்குஞ்சுகளை ஓட்டுவதுபோல் கோயில் மேட்டுப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். ஊர் ஜனங்களும் ஒருவர் பின் ஒருவராக, பச்சைத் துண்டுக்காரர்களே மெச்சும்படி, அடி மேல் அடி வைத்து மேடேறினார்கள். நெய்னா முகம்மது மட்டும் கடைசியில் ஒருமுறை திரும்பிப் பார்த்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு நடந்தார்.

கரையில் மிஞ்சியது வாரியம் மட்டும். அம்சம் மேடையிலிருந்து இறங்கி, மேட்டுப் பாதை தொடங்குகிற கல்லின் மேல் ஏறி நின்றாள். சால்வையைச் சரி செய்துகொண்டாள். தலைவர் கண்ணை மூடி, கைகளைக் கோத்து, கேட்கத் தயாரானார்.

“பெருமதிப்புக்கும்... மரியாதைக்கும் உரிய...” என்று தொடங்கினாள்.

மேடையின் ஒரு கால் விரக்கடை இறங்கியது. யாரும் திரும்பவில்லை, திரும்புவது அவசரத்தின் அறிகுறி.

“பண்டிகைச் சாவகாச வாரியத்தின்... தலைவர்... டாக்டர்...”

“அருமை” என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல்.

சொல்ல வேண்டிய விஷயம் கடைசியில் இருந்தது. அதற்கு முன்னால் செயலர் இருந்தார், உறுப்பினர்கள் இருந்தார்கள், பச்சைத் துண்டுக்காரர்கள் இருந்தார்கள், அவரவர்க்கு உரிய பட்டங்கள் இருந்தன. அம்சம் ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நின்று, மூச்சு வாங்கி, அடுத்த பெயருக்குப் போனாள்.